இருபத்தொன்பது இஞ்சும் அய்யன் உட்கார்ந்த இடமும்

கடையில் அன்று நான்கு பேர் இருந்தோம். கல்லாவில் முதலாளி, ஈரான்காரர், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். டிவி காட்டுகிற உன்னி, பாலக்காட்டுக்காரர், அந்த வெயிலிலும் கழுத்தில் டை. லேபர் கேம்ப்பில் என் அறையில் இருக்கும் கான் பாய், பெஷாவர்க்காரர், பெட்டி தூக்க ஒத்தாசைக்கு வந்தவர். நான்காவது நான். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே ஒட்டகப் பந்தயம். சின்னப் பெட்டியில் சின்ன ஒட்டகம், பெரிய பெட்டியில் பெரிய ஒட்டகம். ஜெயித்தது எல்லாப் பெட்டியிலும் ஒரே ஒட்டகம்தான்.

உன்னி என்னிடம் எந்த கம்பெனி வேண்டும் என்று கேட்கவில்லை. எத்தனை தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஷார்ஜாவுக்கு வந்த நாளில் இருந்து என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பத்தாக்கா என்கிற லேபர் கார்டு எங்கே, பாஸ்போர்ட் யாரிடம், ஓவர்டைம் வருவாயா. எங்கே உட்காருவாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் யோசிக்கவே இல்லை. இருபத்து நான்கு அடி என்றேன்.

"இருபத்து நாலு அடியா? வீடா சேட்டா, கல்யாண மண்டபமா?"

வீடுதான் என்றேன். அறை என்ன நீளம் என்று கேட்டார். பத்தடி என்றேன். அவர் கையில் இருந்த கால்குலேட்டரை மேஜை மேல் வைத்துவிட்டார்.

"அப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தா பாப்பீங்க?"

ஆமாம் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். கான் பாய்க்குத் தமிழ் தெரியாது, அவரும் சேர்ந்து சிரித்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

உன்னி நல்ல மனிதர். விட்டுவிடாமல் விளக்கினார். டிவியில் தெரிவது முழுப் படம் கிடையாதாம். மேலிருந்து கீழே வரை அறுநூற்றுச் சில்லறை கோடுகளாம். பதினான்கு இஞ்சிலும் அத்தனை கோடுதான், இருபத்தொன்பது இஞ்சிலும் அத்தனை கோடுதான். பெரிய பெட்டியில் கோடு அகலமாகிவிடும். கிட்டே உட்கார்ந்தால் கோடு கோடாகத் தெரியும். தள்ளி உட்கார்ந்தால் கோடெல்லாம் மறைந்து ஒரே படமாகும். அதனால் பெட்டி பெரிதானால் தூரமும் கூட வேண்டும், இதுதான் சட்டம் என்றார். என் அறைக்கு இருபத்தொரு இஞ்சே போதும், இருபத்தொன்பதுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும், இருபத்து நான்கு அடிக்கு ஏற்ற டிவி இந்தக் கடையிலேயே இல்லை என்று முடித்தார். இருப்பதிலேயே பெரியதைக் கொடுங்கள் என்றேன். கிட்டப் போனால் கோடு தெரியும், எட்ட நின்றால் ஒரே படம் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஊரும் அப்படித்தான். ஷார்ஜாவில் இருந்து பார்த்தால் அழகாக இருக்கும்.

இருபத்து நான்கு அடி என்பது நான் கண்ணால் மதிப்பிட்டது இல்லை, டேப் வைத்து அளந்தது. அன்னூருக்கு வடக்கே எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சனம் மட்டும் குடியிருக்கிற வளவு. என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது அய்யன், ஊர்த் தோட்டம் ஒன்றில் பண்ணையத்து ஆள். தோட்டத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்று கூப்பிடுவோம். அய்யன் பெயர் பழனிச்சாமி. அது என் பாஸ்போர்ட்டில் மட்டும்தான். தோட்டத்தில் அவர் பழனான். அய்யனைவிடப் பத்து வயது இளைய பண்ணாடிக்கும், அவருடைய பேரப்பிள்ளைக்கும் அய்யன் பழனான்தான். அந்தப் பக்கத்துக்கே முதல் கலர் டிவி பண்ணாடி வீட்டில்தான் வந்தது. இருபது இஞ்சு. மரக் கதவு போட்ட பெட்டி, பூட்டு சாவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். பண்ணாடி குடும்பம் சோபாவில். ஊர்க்காரர்கள் வாசற்படி வரை. நாங்கள் முற்றத்துக்கு அந்தப் புறம் மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி ஓரமாகக் குத்த வைத்து உட்காருவோம். அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. வேறு எங்கேயும் உட்கார முடியாது என்பதும் யாரும் சொன்னதில்லை. நான் ஆறாவதோடு நின்று செண்ட்ரிங் வேலைக்குப் போனவன். பண்ணாடி வீட்டுக்குப் புது போர்டிகோ போட்டபோது நானும் அந்த வேலையில் இருந்தேன். கையில் புது டேப். டிவிப் பெட்டி இருந்த சுவரில் இருந்து தொட்டி வரை இழுத்துப் பார்த்தேன். இருபத்து நான்கு அடி. மேஸ்திரி எதற்கு அளக்கிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன்.

அந்தத் தூரத்தில் நடிகர்களுக்குக் கண் தெரியாது, மீசை தெரியும். மீசையை வைத்து நல்லவன் கெட்டவன் பிரித்துக்கொள்வோம். அய்யனுக்கு அதுவும் முழுசாகக் கிடைக்காது. விளம்பரம் வந்தால் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட வேண்டும். அது முடிந்து வந்தால், மடை மாற்ற வேண்டும் என்பார்கள். கடைசிச் சண்டை தொடங்கும்போது பாலெடுத்துச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிற நேரம் வந்துவிடும். டிவி பார்க்க வந்த ஆளிடம் வேலை சொன்னால் அதற்குக் கூலி இல்லை. படம்தான் கூலி. ஆனால் அந்தக் கூலியையும் பாதியில் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் அய்யன் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. மறுநாள் என்னிடம் கேட்பார். நான் எதையாவது சொல்வேன்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அய்யன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு படத்தைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது மனைக்கட்டு, நகை என்று பேசுவார்கள். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே கேம்ப்பில் இருப்பதைச் சொல்ல வேண்டும். கான் பாயும் நானும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுகிறவர்கள். என் வீடு ஊரில் எந்தப் பக்கம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிறவர்கள் நம்மவர்கள்தான். தமிழா என்று சந்தோஷமாக ஆரம்பிப்பார்கள். கோயமுத்தூரா என்பார்கள். அன்னூரா, நம்ம பக்கம் என்று கையைப் பிடிப்பார்கள். ஊருக்குள்ளேயா, வளவா என்று கேட்பார்கள். அப்புறம் கை தானாகக் கழன்றுகொள்ளும். கடல் தாண்டி வந்து சம்பாதிக்கிறார்கள், கேள்வியையும் கூடவே கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். லக்கேஜ் எடையில் அது வராது.

லீவு கிடைத்தது. சென்னையில் இறங்கினேன். சுங்கத்தில் இருந்தவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்றார். அய்யன், என் சம்சாரம், நான் வந்தால் நான் என்றேன். இது ஊரே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கே என்று சொல்லிக்கொண்டே தீர்வையைப் போட்டார். வேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அட்டைப்பெட்டி வாசலில் நுழையவில்லை, வெளியே பிரித்து டிவியை மட்டும் உள்ளே கொண்டுபோனோம். பின்பக்கம் புடைத்து இரண்டு அடி சுவரை விட்டுத் தள்ளி நின்றது. கட்டில் வெளியே போனது. என் சம்சாரம் சரசு அடுப்பை வெளியே ஓலைச் சாய்ப்புக்கு மாற்றினாள். மிச்சம் இருந்த இடத்தில் நாங்கள் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஏனுங், இனி ஊட்டுக்குள்ள டிவி இருக்குதா, டிவிக்குள்ள ஊடு இருக்குதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூங்கிலில் ஆன்டெனா கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அய்யனைப் பாய் போட்டு முன்னால் உட்கார வைத்தேன். டிவி ஸ்டாண்டு தாழ்வானது, படம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. பெயர் ஓடி முடிவதற்குள் அவர் கண்ணைத் துண்டால் துடைத்தார்.

"மூஞ்சி மேலெல்லாம் கோடு கோடா ஓடுதப்பா. எனக்குக் கண்ணு கூசுது."

எழுந்து வெளியே போனார். வீட்டு முன் சந்துக்கு அந்தப் பக்கம், எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் குத்த வைத்து உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. அங்கே இருந்துதான் தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னார். உன்னி சொன்ன சட்டம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். உள்ளே சரசு மட்டும் அத்தனை பெரிய பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர் மூக்குப்பொடி எடுக்க எழுந்தபோது, அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். மறுநாள் காலையில் டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்து நான்கு அடிக்கு இரண்டு இஞ்சு குறைவு. கடல் தாண்டி சம்பாதித்ததில் நான் இரண்டு இஞ்சு முன்னுக்கு வந்திருந்தேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் அவர் படத்தை முடிக்கவில்லை. பாதியில் தோட்டத்தில் இருந்து ஆள் வந்தது. மாடு கத்துகிறது, பழனான் ஏன் வரவில்லை என்று பண்ணாடி கேட்டாராம். நான் போக வேண்டாம் என்றேன். அய்யன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். மாடு என்ன பாவம் பண்ணியது என்று சொல்லிவிட்டு நடந்தார். திரும்பி வந்து, அப்புறம் என்னாச்சு என்று கேட்டார். நான் எதையோ சொன்னேன். பழையபடி ஆயிற்று.

லீவு தீர இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அன்று காலையிலேயே நான் தோட்டத்துக்குப் போய்த் தட்டு வெட்டி, மடை மாற்றி, சாயங்காலப் பாலுக்கு வேறு ஆளும் சொல்லி வைத்தேன். ஷார்ஜாவில் இருந்து வந்தவன் தட்டு வெட்டுவதைப் பண்ணாடிச்சி வேடிக்கை பார்த்தார். இனி அய்யனை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். படம் தொடங்கியது. அய்யன் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். சரி, வெளியே உட்கார்ந்தாவது முடிவு வரை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாதிப் படத்தில் மொபெட் சத்தம் கேட்டது. பண்ணாடியே வந்துவிட்டார். எங்கள் வளவுக்குள் அவர் ஓட்டுக் கேட்கக் கூட வந்ததில்லை. சந்தில் இருந்த எல்லாரும் எழுந்தார்கள். அவர் மொபெட்டை நேராகப் புங்கமரத்தடியில் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அய்யன் உட்கார்ந்திருந்த அதே இடம். எங்கள் சந்தில் நிழலும் அதுதான், டிவி தெரிகிற இடமும் அதுதான்.

"என்றா பழனா, இத்தாச்சோடு பெரிய பொட்டி வந்துருக்குதாமா? சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே வாங்க பண்ணாடி என்று கூப்பிட்டேன். இருக்கட்டும், இங்கேயே காத்து வருது என்றார். காற்று எங்கள் வீட்டுக்குள் வராது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை இஞ்சு என்று கேட்டார்.

"இருபத்தொம்பதுங்க."

"முப்பது கெடைக்குமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். முப்பது வந்தால் அதை எங்கே வைப்பது, யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அவருக்குப் பிரச்சினை இல்லை. ஒரு இஞ்சு கூட இருந்தால் போதும்.

நான் அய்யனைத் தேடினேன். பண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் நிற்க முடியாது, முன்னால் நிற்கவே முடியாது. மரத்துக்குப் பின்னால், அடுத்த வீட்டு விறகுக் குவியல் பக்கம் போய் நின்றிருந்தார். முப்பதடிக்கு மேல் இருக்கும். பெட்டி பெரிதானால் தூரமும் கூட வேண்டும் என்று உன்னி சொன்னது நடந்துவிட்டது. இருபது இஞ்சுக்கு உட்கார்ந்து பார்த்தவர், சொந்தமாக இருபத்தொன்பது வாங்கியதும் எட்டப் போய் நின்று பார்த்தார். படம் கடைசிப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பண்ணாடியை எழுப்ப முடியாது. அய்யனைக் கூப்பிட்டால் வர மாட்டார்.

சரசு டீ போட்டாள். நான் கொண்டுவந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றி முதலில் பண்ணாடியிடம் நீட்டினாள். இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் அம்மணி என்றார். அவள் முகம் மாறவில்லை. அந்த டம்ளரை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு வந்து, டிவிக்கு முன்னால் பாயின் நடுவில் வைத்தாள். பிறகு வாசலில் நின்று அய்யனைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, டீ உள்ளார வெச்சுருக்கறனுங். ஆறிப்போகுது, வாங்க."

அய்யன் பண்ணாடியைப் பார்த்தார். டீயை இங்கே எடுத்து வா அம்மணி என்று கெஞ்சுவது போலக் கேட்டார். சரசு, கையில் மாவு என்று சொன்னாள். கையில் மாவு இல்லை. பண்ணாடி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"போய்க் குடிடா. பின்ன என்ன."

அய்யனுக்குத் தன் வீட்டுக்குள் போக அனுமதி கிடைத்தது.

மொபெட்டைச் சுற்றிக்கொண்டு, குனிந்தபடி, செருப்பைச் சந்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். டம்ளர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். டிவிக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டுகிற தூரம் இருந்தால் அதிகம். குடித்துவிட்டு உடனே எழப் போகிறவர் போலத்தான் ஒரு காலை மடக்காமல் வைத்திருந்தார். அப்போது கடைசிச் சண்டை தொடங்கியது. டம்ளர் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. மடக்காத கால் மெதுவாக மடங்கியது. துண்டு கட்டிய அவர் தலை படத்துக்கு நட்ட நடுவில் இருந்தது. வெளியே பண்ணாடி இடது பக்கம் சாய்ந்தார். பிறகு வலது பக்கம். மொபெட் ஸ்டாண்டு முனகியது.

பழனா, தலையைக் கொஞ்சம் நகத்து என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அய்யனுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். ரிமோட் என் கையில் இருந்தது. சத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பது போலப் பட்டது. கூட்டினேன். மறுபடி பண்ணாடி ஏதோ சொன்னார். மறுபடி கூட்டினேன். நல்ல டிவி. எவ்வளவு கூட்டினாலும் கரகரக்கவில்லை.

முடிவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. அய்யன் திரும்பவில்லை. படத்தில் எல்லாரும் ஒன்றாக நின்று சிரித்தார்கள். எழுத்து வந்தது. அது மறைந்து வேறு ஏதோ ஆரம்பிக்கும் வரை பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். கோடு தெரிந்ததா என்று கேட்டேன். எந்தக் கோடு என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார்.

"ஏம்ப்பா, எல்லாப் படமும் கடேசில இப்பிடித்தான் சேந்துக்குவாங்களா?"

"ஆமாங்கய்யா. எல்லாமே இப்பிடித்தானுங்க."

"அப்ப நான் ஒண்ணையும் உட்டுப்போடல."

துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் தலையில் இருந்த துண்டு தோளுக்கு இறங்கியது அன்றுதான்.

நான் ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்து இப்போது நாலு மாதம். வெள்ளிக்கிழமைகளில் அன்னூர் எஸ்.டி.டி. பூத்துக்குச் சரசு வருவாள், நான் இங்கிருந்து பேசுவேன். மாமா இப்போது பாயை விட்டு எழுவதே இல்லை, அவர் தலையைத் தாண்டி எங்களால் ஒன்றும் பார்க்க முடியவில்லை என்று குறை சொல்கிறாள். ஞாயிறு சாயங்காலம் தட்டு வெட்ட இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று அவரே தோட்டத்தில் சொல்லிவிட்டாராம். முப்பது இஞ்சு என்ன ஆயிற்று என்று பண்ணாடி இரண்டு தடவை கேட்டு அனுப்பினாராம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

கேம்ப்பில் கம்பெனி எங்களுக்காக ஒரு பெரிய டிவி வாங்கி மெஸ் ஹாலில் வைத்திருக்கிறது. அதுவும் இருபத்தொன்பது இஞ்சு. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. முன் வரிசையில் கான் பாய் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியைத் தட்டி, பைட்டோ பாய், பைட்டோ என்று தினமும் கூப்பிடுவார். இங்கேயே இருக்கட்டும் என்று கையைக் காட்டுவேன். அவருக்குப் புரியாது. கால் வலியா என்று ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்றேன். வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே சுவரில் சாய்ந்து நான் பார்ப்பது வழக்கம். அங்கே நில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஹாலில் யாரும் இல்லை. டிவி ஓடவில்லை. நாற்காலி எல்லாம் காலியாக இருந்தது. வேலை உடுப்பின் பையில் டேப் இருந்தது. நான் சாய்கிற இடத்தில் இருந்து டிவி வரை இழுத்துப் பார்த்தேன்.

இருபத்து நான்கு அடி.